1.23 லட்சம் கோடி டாலர் கார்டு பாக்கி: யாருடையது?

மூன்று மாதத்துக்கு ஒரு முறை நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி அமெரிக்கக் குடும்பங்களின் கடன் கணக்கை வெளியிடும். அன்றைக்கே எல்லாச் சேனல்களிலும் 'கிரெடிட் கார்டு கடன் புதிய உச்சம்' என்று தலைப்பு ஓட ஆரம்பித்துவிடும். 2025 நவம்பரில் வந்த அறிக்கைப்படி செப்டம்பர் முடிவில் கார்டு பாக்கி மட்டும் 1.23 லட்சம் கோடி டாலர். வீடு, கார், படிப்பு என்று எல்லாக் கடனையும் சேர்த்தால் 18.59 லட்சம் கோடி. உடனே நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் 'அமெரிக்கா போண்டியாகப் போகிறது' என்று ஒருவர் போடுவார், 'இவங்க வாழ்க்கையே கடன்லதான் ஓடுது' என்று இன்னொருவர் போடுவார், அவர் அதை டைப் செய்யும் போனே 24 மாதத் தவணையில் வாங்கியதாக இருக்கும். அது இருக்கட்டும்.

இந்த 'புதிய உச்சம்' என்ற தலைப்பு எதையுமே சொல்வதில்லை என்பது என் கட்சி. சம்பளம் ஏறும், விலைவாசி ஏறும், மக்கள்தொகை ஏறும், அதனால் நல்ல வருடங்களில் எல்லாம் கடனும் புதிய உச்சம்தான் தொடும். 2008 முடிவில், பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்த அந்த நேரத்தில், கார்டு பாக்கி சுமார் 86,600 கோடி டாலர். அப்போதிருந்து விலைவாசி ஒன்றரை மடங்காகிவிட்டது. அந்த 86,600 கோடியை இன்றைய விலைக்கு மாற்றினால் 1.3 லட்சம் கோடி பக்கம் வரும், அதாவது இன்றைய 'உச்சத்தை' விட அதிகம். வரி போக மக்கள் கைக்கு வரும் வருமானமோ இதற்குள் இரண்டு மடங்காகியிருக்கிறது. அன்று நூறு டாலர் வருமானத்துக்கு எட்டு டாலர் அளவில் இருந்த கார்டு பாக்கி இன்று ஐந்தரை டாலர் அளவில்தான் இருக்கிறது. எல்லாக் கடன்களுக்கும் சேர்த்து மாதாமாதம் கட்டும் தொகையைப் பார்த்தாலும் அப்படித்தான்: 2007 முடிவில் வருமானத்தில் கிட்டத்தட்ட 16 சதவீதம் கடன் கட்டவே போனது, இப்போது 11 சதவீதத்தைச் சுற்றி நிற்கிறது.

இன்னொன்று, இந்த எண்ணுக்குப் பருவம் உண்டு. தேங்க்ஸ்கிவிங், பிளாக் ஃப்ரைடே, கிறிஸ்துமஸ் என்று நவம்பர், டிசம்பரில் தேய்த்துத் தள்ளுவார்கள், பாக்கி ஏறும். பிப்ரவரி, மார்ச்சில் வருமான வரித்துறையிலிருந்து சராசரியாக 3,000 டாலர் திரும்ப வரும், அதில் ஒரு பகுதியைக் கார்டில் கட்டுவார்கள், பாக்கி இறங்கும். 2024 முடிவில் 1.21 லட்சம் கோடி, 2025 மார்ச் முடிவில் 1.18 லட்சம் கோடி. இறங்கிய அந்தக் காலாண்டில் ஒருவரும் 'அமெரிக்கா பிழைத்தது' என்று தலைப்பு போடவில்லை என்பதையும் கவனியுங்கள்.

இதைவிட எனக்குச் சுவாரசியமாகப் படுவது, கார்டு கடன் நிஜமாகவே பெரிதாகக் குறைந்த காலங்கள் எவை என்பது. முதலாவது 2009க்குப் பிந்தைய நாலைந்து வருடம். 86,000 கோடிக்கு மேல் இருந்தது 2013 வாக்கில் 70,000 கோடிக்கும் கீழே போனது. எல்லாரும் திருந்தி சேமிக்க ஆரம்பித்ததாலா? கொஞ்சம் பேர் இருக்கலாம். ஆனால் 2010ல் கார்டு கடனில் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கும் மேல் வாராக்கடன் என்று வங்கிகள் எழுதித் தள்ளின, லட்சக்கணக்கான கணக்குகளை மூடின, மூடாதவர்களுக்கு லிமிட்டைக் குறைத்தன. வேலை போனவனுக்கு யார் கடன் கொடுப்பார்கள்? எண் குறைந்தது, நாடு நோயில் கிடந்தது.

இரண்டாவது முறை கோவிட் காலம். 2019 முடிவில் 92,700 கோடியாக இருந்த பாக்கி 2021 மார்ச்சில் 77,000 கோடிக்கு இறங்கியது. கடைகள் மூடியிருந்தன, செலவு குறைந்தது, அது ஒரு காரணம். இன்னொரு காரணம் அரசு அனுப்பிய பணம்: ஆளுக்கு 1,200, அப்புறம் 600, அப்புறம் 1,400 டாலர். இந்தப் பணம் வந்ததும் ஏராளமான குடும்பங்கள் முதலில் செய்த வேலை கார்டு பாக்கியை அடைத்ததுதான். 'அமெரிக்கனுக்குக் கையில் காசு நிற்காது, கடன் வாங்குவது அவன் ரத்தத்திலேயே இருக்கிறது' என்று பேசுகிறவர்கள் இந்த ஒரு வருடத்துக் கணக்கை உட்கார்ந்து பார்க்க வேண்டும். கையில் பணம் இருந்தால் கடனை அடைக்கத்தான் அவர்களும் பார்க்கிறார்கள். அந்தப் பணம் தீர்ந்து, 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதம் வரை போய், முட்டையும் வாடகையும் கார் இன்சூரன்ஸும் ஒன்றாக ஏறிய பிறகு பாக்கி வேகமாக ஏறி 2023 நடுவில் முதல் முறையாக ஒரு லட்சம் கோடியைத் தாண்டியது.

அப்படியானால் இந்தக் கடன் 2008 மாதிரி எல்லாவற்றையும் கவிழ்க்குமா? கவிழ்க்காது என்றுதான் நினைக்கிறேன். கார்டு கடன் மொத்தக் குடும்பக் கடனில் பதினைந்தில் ஒரு பங்குதான், முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக வீட்டுக் கடன். அதோடு கார்டுக்கு அடமானம் கிடையாது. நகையை வைத்து வாங்கிய கடன் என்றால் கட்டாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும், இங்கே ஏலம் விட ஒன்றும் இல்லை. 180 நாள் கட்டாமல் போனால் வங்கி அதை நஷ்டக் கணக்கில் எழுதும், பிறகு வசூல் கம்பெனிக்கு அடிமாட்டு விலைக்கு விற்கும், கட்டாதவரின் கிரெடிட் ஸ்கோர் ஏழு வருடத்துக்கு நாசமாகும். அவருக்கு அது பெரிய இடி. ஆனால் 2008ல் நடந்தது போல வீடு ஏலத்துக்கு வந்து, பக்கத்து வீட்டின் விலையும் சேர்ந்து விழுந்து, அந்தக் கடனைப் பத்திரமாக்கி வாங்கிய வங்கி ஜெர்மனியில் தள்ளாடுகிற சங்கிலி இதில் இல்லை. நூற்றுக்கு நான்கு, ஐந்து டாலர் வாராமல் போனாலும் மீதிப் பேரிடம் 22 சதவீதம் வாங்குகிற தொழில் லாபத்தில்தான் ஓடும்.

இங்கேதான் எனக்கு எரிச்சல் வருகிறது. நாட்டின் ஆரோக்கியத்துக்கு இந்தக் கடனால் ஆபத்து இல்லை என்றால் அதற்குக் காரணம், அடியை வாங்கிக்கொள்ளத் தனியாக ஒரு கூட்டம் இருப்பதுதான்.

கார்டு வைத்திருக்கும் அமெரிக்கர்களில் பாதிக்குக் கொஞ்சம் மேலானவர்கள் மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டிவிடுவார்கள். அவர்களுக்குக் கார்டு என்பது இலவச வசதி, கூடவே கேஷ்பேக். மீதிப் பேர் பாக்கியை அடுத்த மாதத்துக்குத் தள்ளுகிறவர்கள். அந்த 22 சதவீதத்தைக் கட்டுவது இவர்கள் மட்டும்தான். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட ரெண்டு வட்டி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6,000 டாலர் பாக்கி, 22 சதவீத வட்டி. முதல் மாத வட்டி 110 டாலர். மினிமம் பேமெண்ட் என்பது பல வங்கிகளில் அசலில் ஒரு சதவீதமும் அந்த மாத வட்டியும், ஆக 60 கூட்டல் 110, மொத்தம் 170. இனி அந்தக் கார்டைத் தொடவே மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு மாதாமாதம் மினிமம் மட்டும் தவறாமல் கட்டினால், கிட்டத்தட்ட ஐந்தே முக்கால் வருடம் கழித்து நீங்கள் 8,500 டாலர் கட்டியிருப்பீர்கள், இன்னும் 3,000 டாலர் பாக்கி நிற்கும். 2009ல் ஒபாமா கையெழுத்திட்ட கார்டு சட்டம் வந்த பிறகு இந்த விவரத்தை ஒவ்வொரு மாத ஸ்டேட்மெண்டிலும் ஒரு சின்னக் கட்டம் போட்டு அச்சிட்டாக வேண்டும்: மினிமம் மட்டும் கட்டினால் எத்தனை வருடம், மூன்று வருடத்தில் முடிக்க மாதம் எவ்வளவு என்று. நல்ல சட்டம். ஆனால் 170 டாலரே இழுபறி என்கிறவருக்கு அந்தக் கட்டத்தில் போட்டிருக்கும் 229 டாலரைப் பார்த்து என்ன பயன்?

புதிதாக வந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். போன மாதப் பாக்கியில் கொஞ்சத்தை நிறுத்திவைத்தாலே, 'வாங்கியதற்கு மூன்று வாரம் வட்டி இல்லை' என்ற சலுகை காலியாகிவிடும். அதற்குப் பிறகு வாங்கும் பாலுக்கும் பெட்ரோலுக்கும் தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். ஒரு மாதம் முழுசாகக் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தால், ஸ்டேட்மெண்ட் தேதிக்கும் நாம் கட்டிய தேதிக்கும் நடுவில் ஓடிய வட்டி என்று அடுத்த மாதம் ஒரு சில்லறை பில் வேறு வரும்.

சரி, இந்த 22 சதவீதத்தை யார் அனுமதித்தார்கள்? இந்தக் கதை பலருக்குத் தெரியாது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் வட்டிக்கு உச்சவரம்பு இருந்தது. மினசோட்டாவில் 12 சதவீதம். நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகர வங்கி ஒன்று தன் மாநிலம் அனுமதித்த 18 சதவீதத்தை மினசோட்டாக்காரர்களிடமும் வாங்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1978ல் நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன தீர்ப்பு: தேசிய வங்கி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்து வட்டிச் சட்டம்தான் செல்லும், வாடிக்கையாளர் எங்கே இருந்தாலும். பழைய வங்கிச் சட்டத்துக்கு அப்படித்தான் பொருள் என்பது அவர்கள் வாதம், விளைவைப் பற்றிக் கவலைப்படுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று விட்டுவிட்டார்கள்.

விளைவு சீக்கிரமே வந்தது. அந்தச் சமயத்தில் பணவீக்கம் இரட்டை இலக்கம். நியூயார்க்கின் சிட்டிபேங்க் சந்தையில் 20 சதவீதம் வரை வட்டி கொடுத்துப் பணம் திரட்டி, நியூயார்க் சட்டம் அனுமதித்த குறைந்த வட்டிக்குக் கார்டில் கொடுத்து நஷ்டப்பட்டுக்கொண்டிருந்தது. அதன் தலைவர் வால்டர் ரிஸ்டன், தெற்கு டகோட்டா கவர்னர் பில் ஜாங்க்லோவிடம் போனார். சோளமும் மாடும் தவிர பெரிதாகத் தொழில் இல்லாத அந்த மாநிலத்துக்கு வேலை வேண்டும், வங்கிக்கு உச்சவரம்பு இல்லாத சட்டம் வேண்டும். சட்டம் வந்தது, 1981ல் சிட்டியின் கார்டு வியாபாரம் சூ ஃபால்ஸ் நகருக்குப் போனது. அதே வருடம் டெலவேர் மாநிலமும் கதவைத் திறந்தது. உங்கள் கார்டு கடிதத்தின் மேல் சூ ஃபால்ஸ் என்றோ டெலவேரின் வில்மிங்டன் என்றோ முகவரி இருப்பது இதனால்தான். ஐம்பது மாநிலங்களின் வட்டிச் சட்டமும் இரண்டு மூன்று சின்ன மாநிலங்கள் வேலைவாய்ப்புக்காகப் போட்ட சட்டத்தின் முன்னால் செல்லாக்காசானது. எந்த அமெரிக்க வாக்காளரும் 'வரம்பே வேண்டாம்' என்று ஓட்டுப் போட்டதில்லை. 1996ல் தாமதக் கட்டணத்துக்கும் இதே விதி என்று உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கில் சொல்லி முடித்தது.

போட்டி இருந்தால் வட்டி தானாகக் குறையாதா என்று கேட்கலாம். 2021 முடிவில் சராசரி கார்டு வட்டி 14.5 சதவீதம் பக்கம் இருந்தது. 2022 மார்ச்சிலிருந்து 2023 ஜூலை வரை அமெரிக்க மத்திய வங்கியான ஃபெட் (ஃபெடரல் ரிசர்வ்) தன் வட்டியை ஐந்தேகால் புள்ளி ஏற்றியது, கார்டு வட்டியோ ஏழு புள்ளி பக்கம் ஏறியது. 2024 செப்டம்பரிலிருந்து ஃபெட் இறக்க ஆரம்பித்தது, கார்டு வட்டி இன்னும் 21, 22 என்றே நிற்கிறது. கேஷ்பேக்கும் பாயிண்ட்டும் தருவதில் வங்கிகளுக்குள் கடும் போட்டி, வட்டியைக் குறைப்பதில் போட்டியே இல்லை. மாதாமாதம் முழுசாகக் கட்டுகிறவர் வட்டியைப் பார்ப்பதில்லை, பாக்கி வைக்கிறவருக்குப் பேரம் பேசும் நிலை இல்லை.

பாயிண்ட் என்றதும் நம்மவர்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. இங்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் கணவன் பெயரில் ஒரு கார்டு, மனைவி பெயரில் ஒரு கார்டு, வரவேற்பு போனஸ் பாயிண்ட்டைச் சேர்த்து சென்னை டிக்கெட் எடுப்பது ஒரு கலை. நானும் செய்கிறேன், நிறுத்தப்போவதில்லை. ஆனால் அந்த டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தது யார்? ஒரு பங்கு கடைக்காரர் ஒவ்வொரு தேய்ப்புக்கும் கொடுக்கும் இரண்டு சதவீதச் சொச்சம், அதைக் கடைக்காரர் பொருளின் விலையில் ஏற்றுவார், ரொக்கம் கொடுக்கிறவரும் அந்த விலையைத்தான் கொடுப்பார். இன்னொரு பங்கு பாக்கி வைக்கிறவரின் வட்டி. 2022ல் வந்த ஓர் ஆய்வு, ஸ்கோர் குறைந்தவர்களிடமிருந்து ஸ்கோர் கூடியவர்களுக்கு இந்த ரிவார்டு ஏற்பாட்டின் வழியாக ஆண்டுக்குச் சுமார் 1,500 கோடி டாலர் கைமாறுகிறது என்று கணக்குச் சொன்னது. நம் சென்னை டிக்கெட்டும் அதில்தான் அடக்கம்.

ஆகவே மொத்த எண்ணை விட்டுவிட்டு வேறு சிலவற்றைப் பார்க்க வேண்டும். புதிதாக 90 நாள் தாமதத்துக்குள் விழும் கார்டு பாக்கி 2021 முடிவில் ஆண்டுக்கு 3 சதவீதத்தை ஒட்டி இருந்தது, இப்போது 7 பக்கம். இது 2009, 2010ஐ நெருங்கவில்லை, ஆனால் வேலையின்மை நாலு சதவீதத்தை ஒட்டி இருக்கும்போதே 7 என்பது நல்ல சகுனமில்லை, அன்று வேலையின்மை 10 சதவீதம் இருந்தது. முப்பது வயதுக்குள் இருப்பவர்களிடம் இந்தத் தாமதம் மற்ற வயதினரைவிட அதிகம். மினிமம் மட்டும் கட்டும் கணக்குகள் 2024 முடிவில் 11 சதவீதத்தைத் தாண்டின, பிலடெல்பியா ஃபெட் 2012லிருந்து வைத்திருக்கும் கணக்கில் அதுவரை அதுதான் அதிகம். கோவிட்டில் நிறுத்திவைத்த படிப்புக் கடன் தவணை திரும்ப வந்ததும், அதில் 9 சதவீதத்துக்கு மேல் 90 நாள் தாண்டிக் கிடக்கிறது.

இவ்வளவு இருந்தும் பொருளாதாரம் ஓடுகிறதே என்றால், ஓடும். மக்கள் செய்யும் செலவுதான் அமெரிக்க ஜிடிபியில் மூன்றில் இரண்டு பங்கு, அந்தச் செலவில் ஏறத்தாழ பாதியை வருமானத்தில் மேலே இருக்கும் 10 சதவீதத்தினரே செய்கிறார்கள் என்று மூடீஸ் நிறுவனத்தின் பொருளாதார நிபுணர் மார்க் ஸாண்டி கணக்குப் போட்டிருக்கிறார். அவர்கள் பங்குச்சந்தையும் வீட்டு விலையும் ஏறியதில் தெம்பாகச் செலவழிக்கிறார்கள். இன்னொரு பக்கம், ஃபெட் வருடாவருடம் கேட்கும் ஒரு கேள்விக்கு, திடீரென்று 400 டாலர் செலவு வந்தால் கையிருப்பிலிருந்தே கொடுத்துவிடுவேன் என்று 63 சதவீதம் பேர்தான் சொல்கிறார்கள். மீதி 37 சதவீதத்தில் பலருக்குக் கார்டுதான் அவசர நிதி. ஜிடிபியில் இந்த இரண்டு செலவும் ஒரே மாதிரிதான் பதிவாகும்: கடலில் கப்பல் சுற்றுலா போனவர் கட்டியதும் செலவு, காரின் டிரான்ஸ்மிஷன் போய் 22 சதவீத வட்டியில் சரிசெய்தவர் கட்டியதும் செலவு.

இப்போது 10 சதவீத உச்சவரம்பு பற்றிப் பேச்சு அடிபடுகிறது. 2024 தேர்தல் பிரசாரத்தில் டிரம்ப் சொன்னார், 2025 பிப்ரவரியில் இடதுசாரி செனட்டர் பெர்னி சாண்டர்ஸும் வலதுசாரி செனட்டர் ஜோஷ் ஹாலியும் சேர்ந்து ஐந்து வருடத்துக்கு 10 சதவீதம் என்று மசோதா கொண்டுவந்தார்கள். இடதும் வலதும் ஒன்றாகக் கையெழுத்துப் போடுவது அபூர்வம். வங்கிகள் சொல்வது, 10 சதவீதத்துக்கு ஸ்கோர் குறைந்தவர்களுக்குக் கொடுத்தால் கட்டுப்படியாகாது, கார்டையே நிறுத்திவிடுவோம் என்று. இது வெறும் மிரட்டல் இல்லை. நான் இருக்கும் டல்லாஸ் பக்கம் கொஞ்சம் வசதி குறைந்த தெருக்களில் போனால் மஞ்சள் போர்டு போட்ட பேடே லோன் கடைகள் (அடுத்த சம்பள நாள் வரைக்கும் கைமாற்று கொடுப்பவை) வரிசையாக இருக்கும், கட்டணத்தையெல்லாம் சேர்த்தால் ஆண்டு வட்டி 400 சதவீதத்தைத் தாண்டுவது டெக்சஸில் சாதாரணம். கார்டு நின்றால் கொஞ்சம் பேர் அங்கேதான் போய் நிற்பார்கள். ஆகவே 10 என்பது எனக்கும் அதீதமாகத்தான் படுகிறது.

ஆனால் 10க்கும் 22க்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறதே. மத்திய அரசின் உரிமம் பெற்ற கிரெடிட் யூனியன்கள், அதாவது உறுப்பினர்களே சொந்தக்காரர்களான கூட்டுறவுக் கடன் சங்கங்கள், 1987லிருந்து 18 சதவீத வரம்புக்குள்தான் கடன் கொடுத்தாக வேண்டும், கார்டு உட்பட. கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. ராணுவத்தினருக்கும் அவர்கள் குடும்பத்துக்குமான நேவி ஃபெடரல் அதே வரம்புக்குள் கார்டு விற்றுத்தான் நாட்டிலேயே பெரிய கிரெடிட் யூனியனாக நிற்கிறது. அவர்களுக்கு வரிச்சலுகை உண்டு, பங்குதாரருக்கு லாபம் கொடுக்க வேண்டியதில்லை, இதையெல்லாம் வங்கிகள் உடனே எடுத்துச் சொல்லும், உண்மையும்தான். சரி, அந்த வித்தியாசத்துக்கு ஒன்றோ இரண்டோ புள்ளி கூட வைத்துக்கொள்ளட்டும். சாண்டர்ஸும் ஹாலியும் அந்தப் பத்தை அடித்துவிட்டு இருபது என்று எழுதினால் வங்கிகள் அடுத்து என்ன காரணம் சொல்லும் என்று கேட்க எனக்கு நிஜமாகவே ஆசை.